இடக்கரை, வலக்கரை

நான்காம் நாள் காலை
முட்டை ஓட்டை உடைத்தபடி டெட்லெஃப் கேட்டான்:
“பம்ப் எங்கே?”
அவ்வளவுதான்.
ட்ரெஸ்டனில் கிளம்பிய நாளிலிருந்து
சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம்
அந்த ஒரு கேள்விக்குள் காற்றாய் ஏறிற்று.

நீதான் கடைசியாக வைத்திருந்தாய் என்றேன்.
நீதான் என்றான்.
காபிக் குடுவையோடு வந்த விடுதிக்காரி
வாசலிலேயே நின்று
வந்த வழியே போனாள்.

அப்புறம் நாரைகளை இழுத்தான்.
முந்தின நாள் ஒரு புகைபோக்கியின் கீழே
நாற்பது நிமிடம் அண்ணாந்து நின்றேனாம்.
அவன் கைப்பிடியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு,
தீர்ப்பு மாதிரி எண் சொல்லும்:
மணிக்குப் பதினொன்று புள்ளி நான்கு.
“நத்தைகூட மணியடித்து நம்மை முந்தும்.”
“அப்படியானால் நத்தையோடு போ.”

எல்பே ஆற்றுக்கு இரண்டு கரை.
இரண்டிலும் சைக்கிள் பாதை.
அவன் பாலம் ஏறி வலக்கரைக்குப் போனான்.
நான் இடக்கரையில்.

முதல் ஒரு மணி நேரம்
உலகத்திலேயே நல்ல மணி நேரம்.
வெள்ளத் தடுப்பு மேட்டில் ஆடுகள்
புல்லைவிட்டுத் தலை தூக்கவில்லை.
ஒரு களஞ்சியச் சுவரில்
வெள்ளம் வந்த ஆண்டுகளைக் கோடு போட்டிருந்தார்கள்.
கடைசிக் கோடு என் தலைக்குமேல் ஒரு முழம்.
இறங்கித் தொட்டுப் பார்த்தேன்.
எவ்வளவு நேரம் என்று கேட்க ஆளில்லை.

ஆனால் அந்த ஆரஞ்சுநிறக் கோட்டு இருக்கிறதே,
தள்ளுபடியில் வாங்கும்போதே சொன்னேன்,
ஆற்றுக்கு அப்பாலிருந்தும் கண்ணைக் குத்தும் என்று.
குத்தியது.
நான் நின்றால் அது கொஞ்சம் தள்ளி நின்றது.
நான் மிதித்தால் வில்லோ மரங்களுக்குள் மறைந்து
அடுத்த வெளியில் முளைத்தது.
ஒரு சரக்குப் படகு நடுவில் வந்து
முழு நீளத்துக்கும் அவனை அழித்துக்கொண்டே போயிற்று.
பின்பகுதி கடக்கும்வரை
நான் மிதிக்கவில்லை என்பதை
இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மதியம் பசித்தது.
ரொட்டி என்னிடம்,
பாலாடைக்கட்டி அவனிடம்.
வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கையில் தூறல்.
மழைக் கால்சட்டையை உருவினேன்.
அதன் வலது காலுக்குள்
சுருண்டு படுத்திருந்தது
பம்ப்.

யாரும் பார்க்கவில்லை.
ஆறு பார்த்தது; அது போய்விடும்.

நிமிர்ந்தபோது எதிர்க்கரையில்
ஒரு பாப்லர் மரத்தடியில்
சைக்கிள் தலைகீழாய்,
சக்கரங்கள் வானத்தைப் பார்த்து,
பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஆரஞ்சுநிறம்.

படகுத்துறையில் மணியை இழுத்தேன்.
படகுக்காரி, பெயர் வால்ட்ராவுட் என்று சட்டையில் இருந்தது,
கையில் பாதித் தின்ற ஆப்பிளோடு வந்தாள்.
மோட்டார் இல்லாத படகு.
மேல்நீரில் நங்கூரமிட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டு
சற்றே சாய்ந்து கொடுக்கிறது;
மற்றதை ஆறு செய்கிறது.
“அவசரமா?” என்றாள்.
அவசரம் என்றால் என்ன செய்வாய் என்றேன்.
“ஒன்றும் செய்யமாட்டேன்.”

அந்த மெதுவில் மூன்று பொய் தயார் செய்தேன்.
விடுதிக்காரி ஓடிவந்து கொடுத்தாள்.
வழியில் ஒரு கடையில் வாங்கினேன்.
மூன்றாவது இவற்றைவிட அழகு,
அதில் ஒரு தபால்காரர்கூட வந்தார்.
கரை தட்டும்போது
ஒன்றும் என்னிடம் மிச்சமில்லை.
பம்பைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
சைக்கிளைத் தள்ளினேன்.

கிட்டே போனால்
சக்கரம் கெட்டியாக இருக்கிறது.
விரலால் அழுத்தினேன். கல்.
“ரெண்டு டச்சுப் பையன்கள் அடித்துக் கொடுத்தார்கள்” என்றான்.
“எப்போது?”
“பன்னிரண்டு மணி வாக்கில்.”
மணி இரண்டரை.
கைப்பிடிப் பெட்டியின் கண்ணாடி இருண்டிருந்தது.
“அப்புறம் இங்கே என்ன செய்கிறாய்?”

அவன் என்னைப் பார்க்கவில்லை.
ஈரப் புல்வெளியைக் காட்டினான்.
“நாரை” என்றான்.

அங்கே ஒன்றும் இல்லை.
சும்மா புல்.
நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பிறகு அவன் கட்டியை எடுத்தான், நான் ரொட்டியை,
குனியும்போதெல்லாம்
விலாவில் இடித்தது பம்ப்.