பொருள்: அனுமதி வேண்டி

ஆகஸ்டு பதினாலு, மாலை ஆறே கால்.
பெரிய ஊர்வலம் எங்கள் தெருப் பக்கம் வராதாம்.
மழை வந்தால் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்குமாம்,
காரில் வருகிறவர்களுக்கு வசதிப்படாதாம்.
சொல்ல வந்த பையன்
சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை.

"அப்ப நாமளே நடத்துவோம்" என்றாள்
கார்ப்பரேஷன் துடைப்பத்தோடு நின்ற ஏகவல்லி.
யாரும் சிரிக்கவில்லை.
வினை அங்கேதான் தொடங்கியது.

வியாசர்பாடியின் இந்த முனையில்
கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் நான் ஒருவன்.
ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கிக்
கடிதம் அடித்தேன்.
அனுப்புநர். பெறுநர். மதிப்பிற்குரிய ஐயா.
பொருள்: தேசபக்தி ஊர்வலம் நடத்த அனுமதி வேண்டி.
பங்கேற்போர் எண்ணிக்கை என்ற இடத்தில்
விரல் நின்றது.
"ஐந்நூறு போடு" என்றார் டில்லிபாபு.
பேரிலேயே டில்லி; பேச்சும் அந்த அளவுக்குத்தான்.
இருநூறு போட்டேன்.
ஸ்டேஷனில் எஸ்.ஐ. அம்மா சிவப்புப் பேனாவில்
நூறாக்கினார்.
"இவ்ளோ லேட்டா வந்து நிக்கிறீங்க,
சுதந்திர தினம் என்ன திடீர்னா வருது?"
நியாயம்தான்.
எழுபது சொச்சம் வருஷமாக அதே தேதி.

ஆடிக் கடைசி.
ஊரிலுள்ள மைக்செட்டெல்லாம் கூழ் ஊற்றும் இடத்தில்.
நாகாத்தம்மன் கோயிலில் கெஞ்சி
ஒரு குழாயைக் கழற்றிக்கொண்டோம்.

தையலுக்கு ஜபருல்லா பாய்.
பச்சை இருந்தது, வெள்ளை இருந்தது.
இரவு பத்தரைக்குக் காவி எந்தக் கடையில்?
லூர்துமேரி டீச்சர் ஒரு புடவையை நீட்டினார்,
ஃபால்ஸ்கூட இன்னும் தைக்காதது.
பாய் கத்தரியைக் கையில் பிடித்தபடி
துணியைத் தடவிக்கொண்டே இருந்தார்.
"கிழிஞ்சது எதுவும் இல்லியா டீச்சர்?"
"கிழிஞ்சதுலயா கொடி தைப்பீங்க?"

சக்கரம் என் பொறுப்பு.
இரவு ஒரு மணிக்கு எண்ணினால்
இருபத்துமூன்று ஆரம்.
மறுபடி எண்ணினேன், இருபத்தைந்து.
தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவனிடம்
தேசத்தைக் கொடுக்கக் கூடாது.

மேளத்துக்கு எத்திராஜ் செட்.
சாவுக்கு அடிக்கிறவர்கள்.
"எங்களுக்கு அந்த அடிதான் கையில வரும், பரவால்லியா?"
"அதையே கொஞ்சம் நேராக்கி அடி."
காலையில் கேட்டால் ஒன்றும் நேராகவில்லை.
ஆனாலும் கால்கள்
அதற்குத்தான் காத்திருந்த மாதிரி கிளம்பின.

ஏழு மணிக்கு முப்பத்தொரு பேர்.
பால் வாங்க வந்தவர்கள்
பாக்கெட் சொட்டச் சொட்டக் கூடவே நடந்தார்கள்.
பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர்
பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு
நிமிர்ந்து நின்றார்.

சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்.
இரவெல்லாம் மோட்டார் போட்டும் வடியாமல்
சம்பத்து படியில் உட்கார்ந்திருந்தான்.
கொடிக்கம்பம் அந்தப் பக்கம்.
நாங்கள் இந்தப் பக்கம்.
குழாயில் கோஷம் போட்டுக்கொண்டிருந்த டில்லிபாபு
முதல்முறையாகப் பேச்சற்றுப் போனார்.

சம்பத்து எழுந்து
அடைப்பு குத்தும் மூங்கிலைக் கொண்டுவந்தான்.
எல்லோரும் பார்த்ததைப் பார்த்து
மறுபடி போய்க் கழுவினான்.
மூன்று தடவை.
சோப்பு வாங்கிப் போட்டு நான்காவது தடவை.

கட்டினோம். ஏகவல்லி பிடித்து நிமிர்த்தினாள்.
காவியின் ஓரத்தில் விரற்கடை சரிகை மின்னியது.
பாய் அதை வெட்ட மறந்தாரா,
மனசு வரவில்லையா, கேட்கவில்லை.

தலைக்கு மேலே மின்சார ரயில் மெதுவாகப் போனது.
லேடீஸ் பெட்டியிலிருந்து ஏழெட்டுக் கைகள்.
யாருக்கு ஆட்டுகிறார்கள் என்று தெரியாமலே
நாங்களும் ஆட்டினோம்.

"மொத்தம் எத்தினி பேருன்னு எழுத?"
கான்ஸ்டபிள் நோட்டைத் திறந்தார்.
"ரயிலைச் சேத்துக்கலாமா சார்?" என்றார் டில்லிபாபு.
அவர் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டார்.

எட்டரைக்குக் கடை திறந்தேன்.
மெஷின் கண்ணாடியில் நேற்றைய கடிதம்
குப்புறக் கிடந்தது.
அதை எடுப்பதற்குள் ஒருவர் வந்து நின்றார்,
"ஆதார்ங்க. முன்னும் பின்னும் ஒரே பக்கத்துல."