ஏழு எண்ணும் வரை

கேள்வி கேட்ட பின்
வாயைத் திறக்காமல் ஏழு எண்ண வேண்டும்.
பயிற்சி வகுப்பிலிருந்து எழுதிக்கொண்டு வந்தது இதுதான்.
மற்றதெல்லாம் திருப்பூர் பஸ்ஸிலேயே மறந்துவிட்டது.
ஏழு சின்ன எண் என்றுதான் நினைத்திருந்தேன்.

மதியம் ஒன்றேமுக்கால்.
சத்துணவு முட்டை வயிற்றில் இறங்கி
ஆறாம் வகுப்பு ஆ பிரிவுக்குக் கண் சொருகும் நேரம்.
சுவருக்கு அக்கட்டால நிட்டிங் மிசின்கள்
மூச்சு விடாமல் எதையோ ஒப்பிக்கின்றன.
பலகையில்:
முக்கால் பெரிதா, மூன்றில் இரண்டு பெரிதா?

ஒன்று.
தரணிகாவின் கை எப்போதோ மேலே போய்விட்டது.
கேள்வி முடியுமுன் எழுகிற கை.
ஜூன் மாதத்திலிருந்து அந்த ஒரு கையைப் பிடித்துக்கொண்டுதான்
பாடங்களைக் கரையேற்றி வந்திருக்கிறேன்.
அவள் சொன்ன பதிலை
நாற்பத்தொரு பேரும் சொன்னதாகக்
குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.
இறக்கு கண்ணு, என்று சைகை காட்டினேன்.
அவளுக்கு வருத்தம்தான்.

இரண்டு, மூன்று.
நூல் தீர்ந்த கோன் ஒன்று மேசைமேல்,
அடியில் அட்டை ஒட்டியது.
உள்ளே ஐஸ் குச்சிகள், குச்சிக்கு ஒரு பெயர்.
யார் பெயர் வருமென்று எனக்கே தெரியாததால்
எல்லோரும் விழித்திருக்கிறார்கள் என்று சொல்ல ஆசை.
பாதிப்பேர் விழித்திருக்கிறார்கள்.
போன வாரம் நவநீதன்
தன் பெயரைத் தானே திருடி
ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்துவைத்திருந்தான்.
திட்ட வாய் வரவில்லை.
இனிமேல் குச்சி எடுப்பது நீதான், என்றேன்.

நான்கு.
இங்கேதான் வழக்கமாகத் தோற்பேன்.
நாலாவது எண்ணில் மௌனம்
என் தப்பு மாதிரி ஆகிவிடும்.
"பகுதியைச் சமமாக்கணும், இல்லையா?" என்று
பாதிப் பதிலை நானே கொட்டிவிடுவேன்.
செவ்வாய்க்கிழமை பார்வையிட வந்தவர்
கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.
அன்றைக்கு நான் இரண்டைத் தாண்டவில்லை.
வகுப்பு சுறுசுறுப்பு, என்று எழுதிவிட்டுப் போனார்.
சுறுசுறுப்பாக இருந்தது நான்.

ஐந்து.
செருப்புக்குள் விரல்களை மடக்கி நிற்கிறேன்.
லிபிகாவின் உதடு அசைகிறது.
பாலசோரிலிருந்து வந்து எட்டு மாதம்.
கேள்வியை ஒடியாவுக்குக் கொண்டுபோய்
பதிலைத் தமிழுக்குக் கூட்டி வர வேண்டும் அவள்.
இரண்டு பஸ் மாறி வருகிறவளின் முகத்துக்கு முன்
கேட்டைச் சாத்திவிட்டு
தாமதம் என்று எழுதியிருக்கிறேன் இத்தனை நாள்.

ஆறு.
மசையண்ணனின் தலை டெஸ்க்கைவிட்டு எழுகிறது.
ராத்திரி பத்து வரை அம்மாவோடு
பனியனில் பிசிறு வெட்டுகிறவன்.
நவநீதன் இன்னும் கோனுக்குள் கைவிடவே இல்லை.

"டஜன்ல போட்டுப் பாக்கலாமுங்களா டீச்சர்?"
என்னை அல்ல, மின்விசிறியைக் கேட்கிறான்.
"முக்கா டஜன்னா ஒம்பது பீஸுங்க.
மூணுல ரெண்டு பங்குன்னா எட்டுங்க.
முக்காலுக்கு ஒரு பீஸு சேத்தி வருதுங்களே."

மீச்சிறு பொது மடங்கு என்று
மூன்று நாளாக நான் பலகையில் தேடிய பன்னிரண்டு
அவன் வீட்டுக் கட்டிலுக்கடியில்
மூட்டை மூட்டையாகக் கிடந்திருக்கிறது.

லிபிகா நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.
பன்னிரண்டு கோடு,
ஒன்பதைச் சுற்றி ஒரு வட்டம், எட்டைச் சுற்றி ஒன்று.
அன்றைய பாடத்தின் தலைப்பு
வேற்றினப் பின்னங்கள்.

"புக்குல அப்பிடி இல்லீங்களே," என்றாள் தரணிகா.
இல்லைதான். நோட்டுல எழுதிக்க.

ஒரு பீஸுக்கு என்னடா கூலி, என்று யாரோ கேட்டார்கள்.
மசையண்ணன் சொன்னான்.
அதைப் பலகையில் எழுத எனக்குக் கை வரவில்லை.

வந்த உற்சாகத்தில் அடுத்ததைக் கேட்டுவிட்டேன்:
ஐந்தில் மூன்று பங்கு டஜன், எத்தனை பீஸ்?
கேட்ட பிறகுதான் உறைத்தது,
டஜன் ஐந்தாக உடையாது.
மசையண்ணன் நெற்றியைச் சுருக்கினான்.
தரணிகாவின் கை
முதல் தடவையாகக் கீழேயே இருந்தது.

உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
ஒன்று.