டவுட்டன், மாலை 4.20

நிறுத்தம் தாண்டித்தான் நிறுத்துவார் எங்கள் டிரைவர்.
பின்னால் ஓடிவரும் ஒரு நீலச் சீருடை.
ஒன்பதாம் வகுப்பு, கெசியா.
முதுகில் குதிக்கும் புத்தகமூட்டை,
கையில் லஞ்ச் பை.

பி.டி. பீரியடைக் கணக்கு மிஸ் வாங்கிக்கொண்டாராம்.
ஐந்து மணிக்கு டியூஷன்.
வீட்டுக்குள் ஸ்கிப்பிங் ஆடினால்
கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் சீலிங்கை இடிப்பாராம்.
கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கியபடி
தவணை தவணையாகச் சொன்னவை இவை.

நேற்று, டிரைவருக்கு என்ன ஞானமோ,
சரியாக நிறுத்தத்திலேயே நின்றது வண்டி.
படிக்கட்டு அவள் காலடியில்.
ஏறவில்லை.
ஏமாந்த முகத்தோடு
என்னைப் பார்த்தாள்.

இரட்டை விசில் கொடுத்தேன்.
வண்டி நகர, பின்னால்
தடதடவென்று அந்தச் செருப்புச் சத்தம்.

நிறுத்தச் சொல்லும் ஒற்றை விசிலை
இன்னும் கொஞ்ச தூரம்
வாயிலேயே வைத்திருந்தேன்.