மாதிரிப் பிரதி

லியெபாயாவில் ஜனவரி.
கடற்காற்று கடைக்கதவைத் தானே திறந்து
தானே சாத்திக்கொண்டிருந்தது.
பெரியவர்கள் வண்ணமிடும் புத்தகங்கள் பதினொன்று
கண்ணாடித்தாள் உறைக்குள்
மூச்சடக்கிக் கிடந்தன.

"பிரித்துப் பார்க்கலாமா?"
முடியாது என்றேன். முதலாளி அவுஸ்மாவின் சட்டம்.
"செருப்பைக் காலில் போட்டுப் பார்க்காமலா வாங்குவாய், இங்குஸ்?"
என் பெயர் சட்டையில் குத்தியிருப்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒன்றைப் பிரித்தேன்.

வெல்கா படங்களைப் பார்க்கவே இல்லை.
மாளிகையும் மயிலும் கடலடிக் காடும்
விரலிடுக்கில் ஓடி மறைந்தன.
மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்போலத்
தாளின் ஓரத்தைத் தூக்கினார். கட்டைவிரலால் தேய்த்தார்.
ஒரு பக்க அச்சா, இரு பக்கமா என்றார்.
தைத்ததா, ஒட்டியதா என்றார்.
பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார்.
கண்ணாடி இல்லை அதில்,
ஏழு ஆயுதங்கள்.

முதல் பக்கம்:
'இந்தப் புத்தகம் .............. அவர்களுக்குச் சொந்தம்.'
சுற்றிலும் வெள்ளை.
அங்கேதான் தொடங்கினார்.

மெழுகுப் பென்சில் மூன்று பூச்சு தாங்கியது.
நான்காவதில் தாள் வழுக்கிவிட்டது.
"பூனை நாக்குபோலச் சொரசொரப்பு வேண்டும்.
இது வாழையிலை."
ஜெல் பேனா. இருபது எண்ணி விரலால் இழுத்தார்;
பச்சைக் கோட்டுக்கு வால் முளைத்தது.
நீர்த்தூரிகை பட்டதும் தாள்
எழுப்பிவிட்ட குழந்தைபோல முகத்தைச் சுளித்தது.
கடைசியாக மார்க்கர். ஊதா.
ஒரே ஒரு பொட்டு.
திருப்பினார்: பின்னாலும் பொட்டு.
அடுத்த தாளில், திமிங்கிலத்தின் விலாவில்,
வெளிறிய ஒரு பொட்டு.

ஒரு பானைக்கு ஒரு சோறு போதாதா
என்று மனதுக்குள் நான் முனகியது
எப்படியோ அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.
"கால்வாயின் சுழல்பாலத்தில் எனக்கு வேலை" என்றார்.
"கப்பல் வராத நேரம்தான் அதில் முக்கால்வாசி.
அந்தக் கூண்டில் ஒரு புத்தகம்தான் கொள்ளும்.
தப்பாக வாங்கினால் பனிக்காலம் முழுக்க
அதோடுதான் குடித்தனம்."

மோசம் என்று சொல்லி
வெறுங்கையோடு போனார்.

உறை கிழிந்ததை விற்க முடியுமா?
கல்லாவுக்குப் பக்கத்தில் கிடத்தினேன்.
கண்டவர் கையெல்லாம் பட்டது அதில்.
பல் மருத்துவமனைக் குந்திஸ்
மகளின் மெழுகுக்கட்டியைக் கொண்டுவந்து அழுத்தினான்.
ரிம்மா அம்மாள் உதட்டுச்சாயம் தீட்டி, பின்
புருவப் பென்சிலால் அதற்கு நிழல் போட்டார்.
கடை சாத்திய ஒரு மாலை
நானும் காப்பியைத் தொட்டு இழுத்தேன்.
சொன்னால் நம்பமாட்டீர்கள்,
இருந்ததிலேயே காப்பிதான்
ஊறாமல், நெளியாமல், கௌரவமாக உட்கார்ந்தது.

மார்ச்சில் அந்தப் பக்கத்தில் வெள்ளையே இல்லை.
புள்ளிக்கோட்டை மட்டும்
ஒருவரும் தொடவில்லை.
யாரும் சொல்லி வைக்கவில்லை.

சரக்கு எண்ணும் நாள்.
"இது என்ன அசிங்கம்? குப்பைக்கு" என்றார் அவுஸ்மா.
வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தார் வெல்கா.
"எனக்குக் கொடு."
"மோசம் என்றீர்களே!"
"மோசம்தான்.
மற்ற பத்தும் எங்கே காலை வாரும் என்று தெரியாது.
இது எங்கே வாரும் என்று
ஊரே எழுதிவைத்திருக்கிறதே."
புருவ நிழலைக் கொஞ்சம் பார்த்தார். காப்பியை மோந்தார்.
குப்பைக்குப் போக வேண்டியதற்கு
அவுஸ்மா அரை விலை கேட்டார்.
பேரம் பேசாமல் கொடுத்தார்.

நேற்று பாலம் மூட இரண்டு நிமிடம் தாமதம்.
கப்பல் எப்போதோ போய்விட்டது.
மழையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற நாங்கள்
பதினைந்து பேர் இருப்போம்.
ஒருவர் மணியடித்தார், ஒருவர் ரஷ்ய மொழியில் திட்டினார்.
கூண்டில் மஞ்சள் விளக்கு,
கீழே குனிந்த ஒரு தலை.

எந்தப் பூச்சு என்று ஊகித்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாவதாக இருக்கட்டும்.
நான்காவது வழுக்கும்.