ஆறாம் சுருள்

லாபிஸில் ஆட்டம் ஏழு மணிக்கு.
சாஆவில் ஏழே முக்காலுக்கு.
படம் ஒன்றுதான். நடுவில் நான்,
ஹோண்டா எழுபது, பின்சீட்டில் தகர டின்.
இங்கே ஓடி முடிந்த சுருளை
அங்கே ஓடக் கொண்டுபோவேன்.
மூன்று வருடம் அந்த வேலை.
எந்தப் படத்தையும் முழுசாய்ப் பார்த்தது கிடையாது.
கத்தியை ஓங்கியது வரைக்கும் தெரியும்,
செத்தது யார் என்பதை
மறுநாள் பெரட்டில்தான் கேட்டுக்கொள்வேன்.

அந்த வாரம் தவுக்கே எடுத்து வந்தது விண்வெளிப் படம்.
சுவரொட்டியில் நெருப்பு, துப்பாக்கி, கொம்பு வைத்த பூதம்.
படத்தில் அவை ஒன்றுமே இல்லை.
ஒரு கப்பல். வளையம் போட்ட ஒரு கோள்.
கப்பல் கோளை நோக்கிப் போகிறது.
போகிறது.
கச்சாங்பூத்தே தீர்ந்து
பொட்டலத்துக் காகிதமும் கசங்கியாயிற்று,
இன்னும் போகிறது.
உள்ளே ஒரே ஒரு பெண், தலை மழித்தவள்.
அவள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள்
எங்கள் மண்டோர் பத்துப் பேரைத் திட்டியிருப்பார்.
முன்வரிசையில் விசில்.
"டேய், எண்ண போட்டு ஓட்டுடா!"
ஆபரேட்டர் கிம் செங் எட்டிப் பார்த்துக்
கையை விரித்தான்.

ஆனாலும் அந்த வளையம் திரை முழுக்க விரிந்தபோது
கதவோரம் நின்று திரும்பிப் பார்த்தேன்,
திரையை அல்ல, ஆட்களை.
சன்னாசிக்குக் குளவி கொட்டி முகம் வீங்கியிருந்தது.
அதுகூட அழகாய் இருந்தது.

சனிக்கிழமை மழை.
பாலத்தின் மேலேயே ஆறு.
இந்தக் கரையில் நானும் ஆறாம் சுருளும்.
மழைக்கோட்டை டின்னுக்குப் போட்டுவிட்டு
நான் நனைந்தேன்.
மழை விட்டதும் மூடியைத் திறந்து
ஒரு முழம் ஃபிலிமை வண்டி விளக்கில் பிடித்தேன்.
கோள். அடுத்த கட்டத்திலும் கோள். அதற்கடுத்ததிலும்.
நகத்தளவு, வளையத்தோடு.
முதல் கோளுக்கும் கடைசிக் கோளுக்கும்
வித்தியாசம் தேடிக்கொண்டிருக்கையில்
செம்பனை நிரைக்குள்ளிருந்து ஈசல் கிளம்பி வந்து
விளக்கில் மோதியது.
ஒன்று இறகை உதிர்த்துவிட்டு
ஒவ்வொரு கோளாக மிதித்து நடந்துபோனது.
அந்தப் படத்தில் வேகமாய் நடந்தது அது ஒன்றுதான்.

சாஆவில் நடந்ததைப் பிறகுதான் கேட்டேன்.
வேறு வழியில்லாமல் கிம் செங்
ஐந்தாம் சுருளையே மறுபடி ஓட்டியிருக்கிறான்.
எழுபது பேர். பாதிப் பேர் தூக்கம்.
மீதிப் பேர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.
தனக்கோடி மட்டும் எழுந்து நின்றிருக்கிறாள்,
கித்தா ஆலையில் பால் தொட்டி கழுவுகிறவள்.
"அந்தக் கண்ணாடிய அவ ஏற்கெனவே தொடச்சிட்டா."
உக்காரு, உக்காரு, பின்னாலிருந்து.
"தொடச்ச அழுக்கு திரும்ப வரும், தெனம் பாக்கறேன்.
அதே எடத்துல அதே மாதிரி வராது."

கிம் செங் மெஷினை நிறுத்தி விளக்கைப் போட்டான்.
சிலர் காசைத் திருப்பிக் கேட்டார்கள்.
சிலர் படம் முடிந்ததென்று செருப்பைத் தேடினார்கள்.

தண்ணீர் வடிந்து நான் போய்ச் சேர
பன்னிரண்டாகப் பத்து நிமிடம்.
உள்ளே தனக்கோடி. எழுப்ப முடியாத சன்னாசி.
அவளுக்காக ஓட்டினான். நானும் உட்கார்ந்தேன்,
முதன்முறையாக ஒரு முடிவுக்கு.

கப்பல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்காதீர்கள்.
கிட்டப் போகப் போக வளையம் வளையமாக இல்லை.
கல். பனிக்கட்டி. தூசு.
பக்கத்தில் இருப்பது எதுவென்று தெரியாமல்
எல்லாம் ஒரே பக்கம் சுற்றிக்கொண்டிருந்தன.
அந்தப் பெண் கண்ணாடியில் துணியை வைத்தாள்.
துடைக்கவில்லை.
தனக்கோடி "ம்" என்றாள்.

நடுவில் ஓர் இறகு,
லயத்துக் கூரை அகலம்,
கோளின் குறுக்கே மின்னி மறைந்தது.

வெளியே வண்டியை உதைத்துக்கொண்டிருந்தேன்.
பெரட்டுக்கு நாலு மணி நேரம்கூட இல்லை.
"அந்த றெக்க," என்றாள், "படத்துலயே இருக்கா?"

இருக்கு என்றேன்.