இரண்டு தட்டுத் தூரம்

ஜெனீவாவுக்குத் தண்ணீர் மட்டும்.
பெர்லினுக்குத் தண்ணீரும் ஒரு சொக்கலேட்டும்.
ஏதென்ஸ் என்றால் பாண், சீஸ், குளிர்ந்த ஏதோ ஒன்று.
கடல் தாண்டினால் சூடான சாப்பாடு.
ஓர் இரவையும் சேர்த்துத் தாண்டினால்
இரண்டு தட்டு.

குளோட்டனில், ஓடுபாதைக்கு இந்தப் பக்கம்,
ஜன்னல் இல்லாத குளிர்மண்டபத்தில்
பதினோராவது வருடமாக
உலகத்தை நான் இப்படித்தான் அளக்கிறேன்.
தலைக்கு வலை. கைக்கு நீல உறை.
பெல்ட்டில் நகரும் ஒவ்வொரு தட்டிலும்
இடது மேல் மூலையில் சலாட்,
வலது கீழ் மூலையில் சொக்கலேட்.
மூலை மாறினால்
ஃபிராவ் ஹூபர் இருமுவாள்.

வீட்டில் குகநேசனுக்கு வேறு கணக்கு.
கொழும்பிலிருந்து சூரிச் எட்டாயிரம் கிலோமீற்றர்,
பத்தரை மணித்தியாலம் என்று
ஃபோனில் யாரும் காட்டினால் கோபம் வரும்.
"ஆர் சொன்னது? அஞ்சு மாசமும் ஒன்பது நாளும்."
மொஸ்கோவில் ஓர் அறைக்குள் பதினேழு பேர்,
பிறகு லொறி, பிறகு காடு, பிறகு
அவர் இன்றுவரை பெயர் சொல்லாத ஓர் ஆறு.
நான் விசாவோடு பின்னால் வந்தவள்.
இரண்டு தட்டு.
இந்த வீட்டில் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

மெல்பேர்னிலிருந்து யசோதினி வந்து
மூன்று கிழமை நின்றாள்.
முதல் கிழமை அவள் உடம்பு இன்னும் அங்கேயே இருந்தது.
விடிய மூன்று மணிக்குக் குசினியில்
கோப்பைச் சத்தம் கேட்கும்.
இரண்டாம் கிழமை
பழைய சண்டையொன்றை எடுத்து விரித்தோம்.
அம்மாவின் கடைசிக் கிழமைக்கு
யார் போயிருக்க வேண்டும்,
எவளுக்கு எவ்வளவு தூரம்.
கிலோமீற்றர் சொன்னாள். மணித்தியாலம் சொன்னேன்.
திரும்ப மடித்து வைத்தோம், ஓரங்கள் சரியாகச் சேரவில்லை.
மூன்றாம் கிழமை பெட்டியை நிறுத்தோம்.
இரண்டு கிலோ கூட.

அவள் போகும் நாளில் எனக்குப் பகல் வேலை.
லீவு கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

ட்ரொலியில் சீட்டுத் தொங்கியது:
சிங்கப்பூர், பன்னிரண்டரை மணித்தியாலம், இரண்டு தட்டு.
அங்கிருந்து மெல்பேர்னுக்கு இன்னும் ஏழரை.
அது வேறொருத்தியின் பெல்ட்.

சாதாரண வகுப்பில் இருநூற்று முப்பத்தாறு பேர்.
பெட்டியில் சொக்கலேட்டும் இருநூற்று முப்பத்தாறு.
ஹூபர் அந்தப் பக்கம் திரும்பியபோது
ஒரு தட்டில் இரண்டு வைத்தேன்.
எதிரே நின்ற வியோல்ட்சா பார்த்தாள்.
பிரிஷ்டினாவில் அவளுக்கும் ஒரு தங்கை.
ஒன்றும் சொல்லாமல்
என் தட்டைச் சற்று வேகமாகத் தள்ளிவிட்டாள்.

எந்த வரிசை, எந்த இருக்கை,
யார் கண்டது.
இருநூற்று முப்பத்தாறில் ஒன்று.
லொத்தரில் இதைவிடக் குறைந்த நம்பிக்கையோடு
காசு போடுகிறோம்.

மண்டபத்துக்கு மேலே விமானங்கள் ஏறுவது
காதுக்குத் தெரியாது.
கால்களுக்குத்தான் தெரியும்.
ஒன்றே முக்காலுக்கு
தரை ஒரு தரம் மெல்ல நடுங்கியது.
அதுவாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் வேலை இடைவேளையில் செய்தி வந்தது.
"வந்து சேந்திட்டன். இங்க மழை.
உங்கட கொம்பனியில எண்ணத் தெரியாதோ?
எல்லாருக்கும் சொக்கலேட் இருந்தது,
என்ர தட்டில மட்டும் இல்லை."

ஒன்றைக் கூட்டினால்
எங்கோ ஒன்று குறையும் என்பதை
நான் எண்ணவே இல்லை.
பதில் எழுதத் தொடங்கி, அழித்து,
மறுபடி உறையை மாட்டிக்கொண்டு
பெல்ட்டுக்குப் போனேன்.
யாரோ ஒருவர், எந்த வரிசையிலோ,
மேகத்துக்கு மேலே
இரண்டாவதையும் பிரித்திருப்பார்
என்று நினைக்கச் சிரிப்பு வந்து
மூலை மாறிப்போனது.

ஹூபர் இருமினாள்.