பொழுதுபோக்கு என்ற கட்டம்

திண்டுக்கல்லிலிருந்து வந்த அலுவலர் அம்மா
பூம்பாறைக் குளிருக்குப் புடவைமேல் துண்டு போர்த்திக்கொண்டு
வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.
கிணறு இல்லை என்று குறித்துக்கொண்டார்.
படி வழுக்குமா என்று
செருப்பைத் தேய்த்துப் பார்த்தார்.
பிறகு பேனாவைத் தட்டியபடி கேட்டார்:
பொழுதுபோக்கு?

நானும் தவசியும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
பூண்டு நட்டு, பூண்டு பிடுங்கி,
பூண்டுக்குப் புகை போட்டு,
இதற்கு நடுவே பொழுது தானாகப் போயிருக்கிறது,
நாங்கள் போக்கியதில்லை.
ஆனாலும் கட்டம் காலியாக இருக்கக் கூடாதே.
இசை, என்றார் தவசி, முகம் மாறாமல்.
வானிலை, என்றேன் நான்.
எழுதிக்கொண்டார். அழகான கையெழுத்து.

அது போன ஆவணி.
தத்துப் பட்டியலில் எங்கள் எண்
அப்போது அறுநூற்றுப் பதினொன்று.

அந்த அம்மா மறுபடி வந்து
எங்கே வாசியுங்கள் என்றால்?
கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையில்
தொண்ணூறு ரூபாய்க்கு ஒரு மவுத்தார்கன் வந்தது.
முதல் மாதம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.
இரண்டாம் மாதம் செல்வமேரி அக்காவின் நாய்
மேட்டில் ஏறி நின்று பதில் சொன்னது.
இப்போது ஒரு பாட்டில் பாதி வருகிறது.
மீதிக்கு ஊதக் கூடாதாம், உறிஞ்ச வேண்டுமாம்.
அந்த இடம் வந்ததும் சிரித்துவிடுகிறார்.

எனக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.
பள்ளிக்கூட ஸ்கேலை அதில் ஒட்டி
பீன்ஸ் பாத்தி நடுவே கல் அணைத்து வைத்தேன்.
காலை ஆறரைக்குக் குனிந்து பார்ப்பேன்.
பன்னிரண்டு மில்லிமீட்டர்.
மூன்று.
ஒன்றுமில்லை, உறைபனி மட்டும்.
ஒரு நாள் நத்தை.
நாள்காட்டியில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் எழுதுகிறேன்.
எதற்கென்று கேட்டால் தெரியாது.
பல் துலக்கும் முன்பே ஒரு எண் கிடைத்துவிடுகிறது,
என் கண்ணால் அளந்த எண்.
அதைச் சொல்ல யாரும் என்னை அழைக்க வேண்டியதில்லை.

இன்னொரு எண்ணுக்குத்தான் நடக்க வேண்டும்.
மன்னவனூர் ரோட்டு வளைவில், மூன்றாவது தைலமரத்தடியில்
போனை நெஞ்சுயரம் பிடித்தால் இரண்டு கோடு.
நேற்று அங்கே காட்டெருமை.
சரியாக என் இரண்டு கோட்டின்மேல் நின்று
வேலியில் படர்ந்த தாட்பூட் கொடியை மென்றது.
தள்ளி வந்து மைல்கல்லில் உட்கார்ந்து
மடியிலிருந்த பேரிக்காய் இரண்டையும் தின்று தீர்த்தேன்.
கீழே பூண்டு வயல் முழுக்கப் பச்சை,
ஆனால் எந்தப் பாத்தியும் பக்கத்துப் பாத்தியின் பச்சை இல்லை.
இத்தனை நாள் போன் திரையைப் பார்த்தே
இதைப் பார்க்கத் தவறியிருக்கிறேன்.

கடைசி பஸ் வந்தது. விளக்கை அணைத்துவிட்டு
அதுவும் நின்றது.
கண்டக்டர் பிலவேந்திரன் தலையை நீட்டி
நம்பர் என்னாச்சு, என்றார்.
(ஊருக்கே தெரியும்.)
மாடு நகரணும், என்றேன்.
பஸ் முழுக்கச் சிரிப்பு.

நகர்ந்தது.
இருநூற்று நாற்பது.
போன வாரமும் இருநூற்று நாற்பதுதான்.

குழந்தை வேலப்பர் தேருக்கு இங்கே
முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம்.
இறக்கத்தில் சாமி ஓடிவிடாமல்
பின்னால் சாய்ந்து பிடிக்கிற கூட்டத்தில் தவசி,
வருஷா வருஷம்.
முன்னால் இழுப்பவர்கள்தான் போட்டோவில் வருவார்கள்.
இவர் உள்ளங்கை உரிந்து வருவார்,
தேங்காய் எண்ணெய் கேட்பார்.

தொட்டில் இன்னும் வாங்கவில்லை.
உத்தரத்தில் கொக்கி மட்டும் அடித்தோம்,
அதில் இப்போதைக்குப் பூண்டுச் சரம்.

ராத்திரி அந்த உறிஞ்சும் இடம்
பிசகாமல் வந்துவிட்டது.
திடுக்கிட்டு நிறுத்தினார்.
நாய்கூடச் சும்மா இருந்தது.
அந்த அமைதியில், வெளியே
பாட்டிலுக்குள் சொட்டு விழும் சத்தம்.
எழுந்து போய்ப் பார்க்கலாமா, என்றார்.
வேண்டாம்.
ஆறரைக்குத்தான் கணக்கு.